இரும்பு தங்காத வீடு

என் தம்பி வீட்டில் கத்தி இல்லை என்பதை ஒரு சனிக்கிழமை காலையில்தான் கவனித்தேன். வெங்காயம் நறுக்கித் தருகிறேன் என்று அடுப்படி இழுப்பறையைத் திறந்தால், உள்ளே இருந்ததெல்லாம் பிளாஸ்டிக் கரண்டிகள். தம்பி மனைவி மகளின் பாலர் பள்ளிப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். காகிதம் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல். கைப்பிடியில் மஞ்சள் வாத்து. அதை வைத்துத்தான் வெங்காயம், மிளகாய், கீரை எல்லாம் வெட்டுகிறாளாம். கோழியைப் பசாரிலேயே துண்டு போட்டு வாங்கி வந்துவிடுகிறாளாம்.

"கத்தி எங்க?" என்றேன்.

"காணோம்க்கா."

"இடிகல்லு?"

"அதையும் காணோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கிண்டலாக ஏதோ சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கூடத்துப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, இந்த வீட்டுல ஒன்னு இருக்குக்கா," என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "அவருக்கு வேலை போனதுலேருந்து," என்றாள்.

தம்பி என்று சொல்கிறேனே தவிர, அவன் நான் வளர்த்த பிள்ளை. அம்மா போனபோது அவனுக்குப் பதினொரு வயது, எனக்கு இருபது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். நான் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் மின்னணுச் சில்லுகளில் பழுது இருக்கிறதா என்று பார்க்கிறேன். முடியளவு கீறலைக்கூட விடமாட்டாள் என்று பேர் எடுத்தவள். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. தம்பியும் வேறொரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தான். ஆட்குறைப்பில் அவன் பெயரும் வந்தது. பைராம் தோட்டத்துப் பெண் ஒருத்தியைக் கட்டி, சுங்கை பினாங்கில் என் புளோக்கிலிருந்து இரண்டு புளோக் தள்ளி, பதினான்காவது மாடியில் குடியிருந்தான். அந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்ததும் நான்தான்.

அன்று அவளுக்கு நான் சொன்ன பதில், "ஏசி இல்லாத வீடு, வெக்கையில மண்டை குழம்பும்லா. தண்ணி நெறையா குடி." ஆனால் கிளம்பும்போது ஐந்து வயது மருமகள் வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, எனக்கு ரெண்டு அப்பா, தெரியுமா?"

"அப்படியா? ரெண்டு பேரும் எங்க?"

"ஒரு அப்பா ஹெல்மெட்ட கழட்டிட்டு உள்ள வருவாரு. இன்னொரு அப்பா கழட்ட மாட்டாரு."

குழந்தை அதைப் பயந்துகொண்டு சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு டீச்சர் என்று சொல்வதைப்போல் சொன்னாள். லிஃப்ட்டுக்காகக் காத்து நின்றேன். பட்டப்பகல், பக்கத்து வீட்டு வானொலியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, எனக்கோ அந்த நீளமான நடைபாதையில் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

அதற்குப் பிறகு அடிக்கடி போக ஆரம்பித்தேன். போகப் போக அந்த வீடு எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. படுக்கையறைக் கதவிலும் அப்படியே. அலமாரிக் கண்ணாடியின் மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. பிள்ளை மத்தியானம் தூங்கும்போதும் காலில் சப்பாத்து போட்டிருந்தாள், வார் மாட்டி, காலுறையோடு. கழற்றப் போன என் கையை அம்மாக்காரி பிடித்துத் தடுத்தாள். "இருக்கட்டும்க்கா, பழகிருச்சு." தம்பியும் மாறியிருந்தான். முன்பு வாய் ஓயாதவன், இப்போது சன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டுக் கீழே கார் நிறுத்துமிடத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். மனைவி பசாருக்குப் போய் வந்தால் எழுந்து போய் அவள் தலைமுடியை மோந்து பார்ப்பான். லிஃப்ட்டில் யார் கூட வந்தார்கள் என்று கேட்பான். குடியும் கூடிவிட்டது. வேலை போன துக்கம், நாளானால் சரியாகிவிடும் என்று நானே அவனுக்காகப் பதில் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் தம்பி மனைவியின் குரல் மாறியது. நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல், மணலை அரைத்த மாதிரிக் கரகரவென்று, "அக்கா" என்றது. பால் சட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவள்தான் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றி ஷால். இரண்டு கண்ணிலும் வெள்ளை விழி தெரியாத அளவுக்குச் சிவப்பு. "சளி," என்றாள் அதே குரலில். பேசும்போது எச்சில் விழுங்கச் சிரமப்பட்டாள். முந்தின நாள் நடந்தது எதுவும் சரியாக ஞாபகம் இல்லை என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் கீழே இறங்கி ஓடிவந்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டில் ஆம்பிளை கை நீட்டுகிறான் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. "அவரு மேல என்னமோ ஏறிடுச்சு" என்பார்கள். என் அப்பா அம்மாவை அடித்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அடித்தவர் அப்பா, ஆனால் கயிறு கட்டினது அம்மாவுக்கு. அம்மா விபூதி பூசிக்கொண்டு, கருப்புக் கயிற்றோடு, வீங்கின முகத்தோடு சோறு ஆக்குவாள். அப்பாவும் மறுநாள் ஒன்றும் அறியாதவர் மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவார். மரியாதையாகப் பேசுவது என்று நினைத்து நாங்கள் பழகின பேச்சு அது. அதில் வளர்ந்த எனக்கு, பேயைச் சட்டென்று அடையாளம் தெரிந்தது, மனுஷனைத் தெரியவில்லை.

எங்கள் புளோக்குக்குப் பின்னால், சாக்கடை ஓரத்து மரத்தடியில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. அங்கே சாமி பார்க்கிற அண்ணன் ஒருவர் உண்டு. லாரி ஓட்டி ஓய்ந்தவர். காசு வாங்க மாட்டார், ஏமாற்றுக்காரர் இல்லை. அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தி இல்லை, இடிகல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, கண்ணாடிக்குத் துண்டு, பிள்ளை சப்பாத்தோடு தூங்குகிறாள், இரண்டு அப்பா என்கிறாள், அவளுக்குக் குரல் மாறிவிட்டது, கண் சிவந்துவிட்டது, நேற்று நடந்தது மறந்துவிட்டது, அடிக்கடி அம்மா வீட்டுக்குப் போகணும் என்கிறாள். ஒன்றையும் விடவில்லை. பழுது பார்க்கிற கண்ணாச்சே.

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"அந்த வீட்டுல இரும்பு தங்கல, பாத்தியா?" என்றார். "கத்தி போச்சு, தாழ்ப்பா போச்சு. இரும்புக்குப் பயந்தது ஒன்னு உள்ள இருக்கு. வீட்டுல இல்ல, அந்தப் பொண்ணு மேல இருக்கு. அதான் குரலு மாறுது."

எல்லாம் பொருந்திவிட்டது. பொருந்தினதில் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அவர் சொன்ன பரிகாரம் இதுதான்: நாற்பத்தெட்டு நாள் அவள் வாசற்படி தாண்டக் கூடாது. நிலையில் இரும்பு ஆணி அடிக்க வேண்டும். வெளி ஆட்களோடு பேச்சு வேண்டாம். முக்கியமாகக் கடல் தாண்டக் கூடாது, தாண்டினால் அது கூடவே போய்ப் பிறந்த வீட்டையும் பிடிக்கும். எங்கள் ஊர் தீவு, கடல் என்றால் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில்தான் அவள் அம்மா இருக்கிறார்.

தம்பியிடம் பயந்துகொண்டே சொன்னேன். சாமி பூதம் என்று எதையும் நம்பாதவன் அவன், சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். அவன் தலையைச் சாய்த்துக் கடைசி வரை கேட்டான். "சாமி சொன்னா செஞ்சிருவோம்க்கா," என்றான். அன்றைக்கே ஆணியை அவனே அடித்தான். வெளிப் பேச்சு வேண்டாம் என்றாரே என்று அவள் போனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எனக்கு ஒரு சாவி கொடுத்தான். தினமும் காலை ஷிப்டு முடிந்து எலுமிச்சம் பழமும் பாலும் வாங்கிக்கொண்டு போவது என் வேலை. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது பேயின் பார்வை என்றுதான் நினைத்தேன்.

பதினெட்டு நாள் அப்படிப் போனது. போகப் போக அவள் பேசுவதையே விட்டுவிட்டாள். நான் பூசை போடும்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஆணி அடித்த நிலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வீட்டில் சத்தமே இருக்காது. பதினான்காவது மாடிக் காற்று மட்டும் தாழ்ப்பாள் இல்லாத கதவுகளை மெல்ல ஆட்டும்.

பத்தொன்பதாம் நாள் தொழிற்சாலையில் மெஷின் நின்றுபோய் எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே போய்விட்டேன். தம்பி வெளியே போயிருந்தான். அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் குளியலறையில் பூசைத் துணியை அலசினேன். பிள்ளை என் பக்கத்தில் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று விளையாட்டை நிறுத்தினாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது.

"அத்தை, கழட்டாத அப்பா," என்றாள்.

குழாயை அவளே மூடினாள். என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கதவுக்குப் பின்னால் உட்கார வைத்தாள். முன்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. தம்பி குரல், மிகவும் மெதுவாக, யாருக்கோ தாலாட்டுகிற மாதிரி, "கீழ யாருகிட்ட போன் வாங்குன? உங்கம்மாகிட்ட என்னா சொன்ன? வந்து கூட்டிட்டுப் போன்னு சொன்னியா?" என்றது. பிள்ளை எழுந்து நின்று, ஈரமான தன் இரண்டு கையாலும் என் காதைப் பொத்தினாள்.

அந்தக் கை எனக்குத் தெரிந்த கை. அப்பா வரும்போது நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார வைத்து, இதே மாதிரி அவன் காதைப் பொத்துவேன். மூன்று வயது, நான்கு வயது அவனுக்கு. அவனுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு பொத்துவேன். இப்போது அந்தக் குழந்தையின் கைக்குள்ளிருந்து எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. பிறகு கேட்பது நின்றுவிட்டது. ஒரு முனகல்கூட இல்லை. அந்த அமைதிதான் என்னை எழுப்பியது.

கூடத்துக்கு வந்தேன். தம்பி ஹெல்மெட்டோடு சுவர்ப் பக்கம் நின்றான். அதன் கண்ணாடி மேலே தூக்கியிருந்தது, உள்ளே முகம் சாந்தமாக இருந்தது, கணக்குப் போடுகிற பிள்ளையின் முகம் மாதிரி. அவன் இரண்டு கையும் அவள் கழுத்தில் இருந்தன. அவள் குதிகால் தரையில் படவில்லை, விரல் நுனிகள் மட்டும் டைல்ஸில் தேய்ந்துகொண்டிருந்தன. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பதறவில்லை.

"எப்ப வந்தீங்கக்கா?" என்றான். "பாருங்க, இவளுக்கு வந்துருச்சு. நான்தான் புடிச்சிக்கிட்டு இருக்கேன்."

நான் சொல்லிக் கொடுத்த வார்த்தை. என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டு போய், வேண்டிய நேரத்தில் என்னிடமே நீட்டினான். அந்தக் கணத்தில் எனக்குப் பேய் பயம் முழுசாகப் போய்விட்டது, அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது. "விடுடா!" என்று கத்தினேன். சின்ன வயசில் அவனை அதட்டுகிற அதே குரல். உடனே விட்டுவிட்டான். அவள் துணி மூட்டை மாதிரிச் சரிந்தாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தான், அடுப்படிக்குப் போய்க் கையைக் கழுவினான்.

"சாப்பாடு இருக்காக்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"இருக்கு, போட்டுச் சாப்பிடு," என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவன் தட்டு எடுக்கிற சத்தம் கேட்டதும் அவளை இழுத்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பிள்ளை சப்பாத்தோடு தயாராக இருந்தாள். எங்கள் இருவர் காலிலும் ஒன்றுமில்லை.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர், மலாய்க்காரப் பெண், எங்களைத் தனி அறைக்கு அழைத்துப் போனார். தம்பி மனைவியின் கண் இமையை விலக்கி விளக்கு அடித்துப் பார்த்தார். சிவப்புக்குள் ஊசிமுனை அளவில் புள்ளி புள்ளியாக இரத்தம். என்னையும் பார்க்கச் சொன்னார். நான் வாழ்நாள் முழுக்கப் புள்ளி பார்த்தவள். இந்தப் புள்ளிகளைத்தான் பேய் என்று சொல்லியிருக்கிறேன்.

குரல் எப்போது மாறியது, விழுங்க முடிகிறதா, நடந்தது மறந்துபோகிறதா என்று டாக்டர் கேட்டார். கழுத்தை நெரித்தால் இப்படித்தான் ஆகும் என்றார். பிறகு வீட்டைப் பற்றிக் கேட்டார். கணவருக்கு வேலை உண்டா, குடிப்பாரா, போனைப் பறித்திருக்கிறாரா, எங்கே போனாய் யாரோடு வந்தாய் என்று கேட்பாரா, சின்ன வயதில் அவர் வீட்டில் அடிதடி பார்த்து வளர்ந்தவரா, விட்டுப் போகிறேன் என்று நீங்கள் அவரிடம் சொன்னதுண்டா. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். இந்தக் கேள்விகளில் பாதிக்குப் பதிலை மரத்தடியில் உட்கார்ந்து நானே ஒப்பித்திருந்தேன். மீதிப் பாதியை அங்கே நான் சொல்லாமல் விட்டிருந்தேன், ஏனென்றால் அதெல்லாம் தம்பியைப் பற்றியது.

கழுத்துக்குக் கை போன வீட்டில் அடுத்த தடவை உயிர் இருக்காது என்று பயப்பட வேண்டும் என்றார் டாக்டர். அவள் போகப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்த நாட்கள்தான் இன்னும் மோசமானவை என்றார். அந்த நாட்களில்தான் நான் அவளை ஆணி அடித்து உள்ளே வைத்திருந்தேன்.

டாக்டர் வெளியே போனதும் அவளிடம் கேட்டேன். "ஏன் என்கிட்ட நேரா சொல்லல?"

கத்திகளையும் இடிகல்லையும் ஒளித்தது அவள்தான். கீழ்மாடிப் பாட்டியிடம் கொடுத்து வைத்திருந்தாளாம், அவன் கைக்குக் கிடைக்கக் கூடாது என்று. தாழ்ப்பாள்களைக் கழற்றினது அவன், அவள் உள்ளே பூட்டிக்கொள்ளக் கூடாது என்று. தன் கழுத்தைத் தானே பார்க்கப் பிடிக்காமல் கண்ணாடியை மூடினது அவள். எல்லாவற்றையும் அந்த மணல் குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஒன்னு இருக்குன்னு சொன்னேனேக்கா," என்றாள் கடைசியாக. "உங்க தம்பின்னு சொல்லியிருந்தா, நீங்க மாடி ஏறி வந்திருப்பீங்களா?"

அன்று சாயங்காலமே போலீசில் புகார் எழுதினோம். நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். தம்பியைப் பிடித்துப் போனார்கள், பிறகு ஜாமீனில் விட்டார்கள். அவள் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது. அவளும் பிள்ளையும் எங்கேயோ ஓர் அடைக்கல வீட்டில் இருக்கிறார்கள். தோட்டத்துக்குப் போகவில்லை, அவன் முதலில் அங்கேதான் தேடுவான் என்பதால்.

மரத்தடி அண்ணனிடமும் போய்ச் சொன்னேன். "அவன் அடிக்கிறானான்னு நானும் கேக்கல, நீயும் சொல்லல," என்றார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் வாக்குச் சொல்லி நான் பார்க்கவில்லை.

அடைக்கல வீட்டுக்குப் போகும் முன் அவள் என்னை நேராகப் பார்த்து ஒன்று சொன்னாள். "எங்க இருக்கோம்னு உங்களுக்குத் தெரிய வேணாம்க்கா." எனக்குச் சுருக்கென்றது. இவளுக்காகக் கூடப் பிறந்தவன் மேலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இன்னும் என்னை நம்பவில்லையா என்று கோபம் வந்தது. அவளிடம் சரியாக விடைகூடப் பெறவில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி என் வீட்டுக் கதவைத் தட்டினான். ஹெல்மெட் கையில் இருந்தது. பாதியாக இளைத்திருந்தான். குடிக்கவில்லை, புது வேலை கிடைத்திருக்கிறது என்றான். நான் தோசை சுட்டுப் போட்டேன். இரண்டு தோசை சாப்பிட்டவன் மூன்றாவதைப் பிட்டு வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க, அம்மா செத்த அன்று அழுத மாதிரியே அழுதான்.

"புள்ளைய ஒரே ஒரு தடவ பாக்கணும்க்கா. தூர நின்னு பாத்துட்டு வந்துடறேன்லா. எங்க இருக்காங்க?"

"தெரியாதுடா," என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த ஈரம் சட்டென்று வற்றியது. கண்ணீர் கன்னத்தில் இருக்க, முகம் மட்டும் அந்தக் கூடத்தில் நான் பார்த்த முகமாகச் சாந்தமானது. தோசையை முடித்தான். கையைக் கழுவினான். ஹெல்மெட்டை என் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவனுக்குப் பயந்து மட்டும் உட்காரவில்லை. அவன் அழுதபோது என் வாய் தானாகத் திறந்தது எனக்குத் தெரியும். அந்த விலாசம் மட்டும் எனக்குத் தெரிந்திருந்தால், அந்த மூன்றாவது தோசைக்கு முன்பே சொல்லியிருப்பேன்.